பதினெட்டுக்கு ஒன்று குறைவு

மே 9, கானாடுகாத்தான்

பட்டாலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வளவில் கல்யாணப் பலகாரம் சுடுகிறார்கள். "ஏன் ஆத்தா, ஊருக்கு வந்தும் அப்படி என்னதான் தேடுறே?" என்றார் அப்பத்தா. சொன்னேன்: எந்த ஆறு பேரைக் கூட்டினாலும், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கண்டிப்பாக இருப்பார்கள். மூவருக்குப் பதில் நால்வர் என்றால் 18 பேர் வேண்டும். இந்த 6, 18 போன்றவைதான் ராம்ஸி எண்கள். ஆளுக்கு ஒரு முனை வைத்து, அறிந்தவர்களைச் சிவப்புக் கோட்டாலும் அறியாதவர்களை நீலக் கோட்டாலும் இணைத்துப் பார்ப்பேன்.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துல தெரியாதவுக எவுக இருக்காக?"

அதுவும் சரிதான். இங்கே எல்லாக் கோடும் ஒரே நிறம்.

மே 11

கல்யாணம் முடிந்தது. மத்தியானம் எல்லோரும் தூங்க, நான் 17-ஐ எடுத்தேன். 18-ஐ நிறுவியவர்கள் கிரீன்வுட்டும் கிளீசனும், 1955-இல். 17 பேர் போதாது என்று காட்ட ஒரே ஒரு எதிர்க்காட்டு போதும்: எந்த நால்வருக்கிடையிலும் எல்லாக் கோடும் ஒரே நிறமாக அமையாத ஒரு நிறப்பூச்சு. ஆனால் 17 முனைகளுக்கு 136 கோடுகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அல்லது நீலம் என்றால் வரும் வகைகள் 41 இலக்க எண். எந்தக் கணினியும் அதை வரிசையாகப் பார்த்து முடிக்காது.

முனைகளை வட்டமாக வைத்து, இடைத்தூரத்துக்கு மட்டும் நிறம் கொடுத்தால்? தூரங்கள் எட்டே. 256 வகைகள். கையாலேயே முடித்துவிடலாம்!

1, 2, 4, 8 சிவப்பு. 3, 5, 6, 7 நீலம். 17-ஆல் வகுத்த மீதியில் எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்கினால் சிவப்பும் நீலமும் அப்படியே இடம் மாறுகின்றன. ஆகவே சிவப்பைப் பார்த்தால் போதும். அதிலும் எந்தச் சிவப்புக் கோட்டையும் சுழற்றிப் பெருக்கி 0–1 ஆக்கிவிடலாம். அந்த இரண்டோடும் சிவப்பால் சேர்ந்தவை 2, 9, 16 மட்டும். அவற்றுக்குள் தூரம் 7, 7, 3. மூன்றும் நீலம். முடிந்தது, சிவப்பில் நால்வர் இல்லை.

எத்தனை தடவை போட்டாலும் இந்தக் கணக்கு அலுக்கவில்லை.

மே 12

ஐவர் என்று கேட்டால் உலகமே தடுமாறுகிறது. விடை 43 முதல் 46 வரைக்குள் ஏதோ ஒன்று. மேல் எல்லையை 46-க்கு இறக்கியது 2024-இல் ஆங்கெல்ட்வைட்டும் மெக்கேயும். கீழ் எல்லை 1989-இல் எக்ஸூ கண்டது, அதன் பிறகு நகரவே இல்லை. அவர் செய்தது எனக்குப் பிடிக்கும்: 43 முனைகளில் வட்டமான நிறப்பூச்சு ஒன்றை எடுத்து, ஒரு முனையை நீக்கி, மிச்சப் பழுதை, அதாவது ஒரே நிற ஐவரை, கோடு கோடாக நிறம் மாற்றிச் சரிசெய்தார். சமச்சீரில் தொடங்கினார், அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

மே 15

ஒரே நிற ஐவர் இல்லாத நிறப்பூச்சைத் தேடும் என் நிரலும் அதே வழியில். 42 முனைகள், 861 கோடுகள், 8,50,668 ஐவர் குழுக்கள். ஒரு கோட்டின் நிறத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டாம். அந்தக் கோடு அடங்கிய 9,880 குழுக்கள் போதும். வேகம் அங்கேதான்.

ஒரே நிற ஐவர் சிலரோடு நின்று அடம் பிடிக்கிறது. பழுதைக் குறைக்கும் மாற்றங்களை மட்டும் ஏற்றால் இப்படித்தான் முட்டி நிற்கும். சில சமயம் கூட்டும் மாற்றத்தையும் ஏற்கச் சொல்லியிருக்கிறேன். 42 முனைகளில் இப்படிப் பழுதில்லாத நிறப்பூச்சுகள் தெரிந்தவை 656. ஐவருக்கான ராம்ஸி எண் 43-தான் என்று மெக்கேயும் ராட்சிஷோவ்ஸ்கியும் 1997-இலேயே ஊகித்துவிட்டார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனாலும் 657-ஆவது எங்காவது கிடக்குமோ என்ற நப்பாசை.