நூல் சரக்கு கடல்வழிக்கு மாறியபோது எல்சி தந்த தொல்லை

வங்கதேசத்துக்குப் பருத்தி நூல் அனுப்புகிறவர்களுக்குப் இந்திய–வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோல்–பெனாபோல் சாவடி பழகிய பாதை. கோயம்புத்தூரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓடி, எல்லைக்கு முன்னால் வரிசையில் காத்துக் கிடந்தாலும், சிறிய ஆர்டரையும் உடனுக்குடன் அனுப்ப முடிந்ததால் எங்கள் டாக்கா வாடிக்கையாளர் அதையே விரும்பினார். 2025 ஏப்ரல் 13 அன்று தரைவழி நூல் இறக்குமதியை அந்நாட்டு வருவாய் வாரியம் நிறுத்தியதும், பெனாபோலைக் குறிப்பிட்டுத் திறந்திருந்த எல்சி (உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அளிக்கும் உறுதிக் கடிதம்) எங்களுக்குப் பயன்படாமல் போயிற்று. சரக்கு ஆலையைவிட்டுக் கிளம்பாமல் இருந்தது மட்டும்தான் ஆறுதல்.

தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாற்றி, சிட்டகாங்கில் இறக்குவதென முடிவாயிற்று. கண்டெய்னரும் கப்பலில் இடமும் சிரமமின்றிக் கிடைத்தன.

சிரமமெல்லாம் வங்கித் தாளில்தான். வாடிக்கையாளரின் வங்கி அனுப்பிய திருத்தத்தில் இறக்கும் துறைமுகம் மட்டும் சிட்டகாங் என மாறியிருந்தது. கொடுக்க வேண்டிய ஆவணங்களைச் சொல்லும் 46A பகுதியோ, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்குக்குப் பதிலாக லாரி ரசீதையே இன்னும் கேட்டது, 44C-யில் கடைசி ஏற்றுமதித் தேதியும் நீட்டிக்கப்படவில்லை. திருத்தத்தில் வேண்டியதை மட்டும் ஏற்றுக்கொள்ள எல்சிகளுக்கான பன்னாட்டு யுசிபி 600 விதிகள் இடம் தராததால், முழுவதையும் எழுத்துமூலம் மறுத்து, இரண்டாவது திருத்தம் கேட்க வேண்டியதாயிற்று.

அது வந்த பிறகும் 43T-யில் கப்பல் மாற்றத்துக்கு அனுமதியில்லை என்ற வரி அப்படியே இருந்தது. கொழும்பு வழியாகப் போனால் ஆவணங்கள் எல்சிக்கு ஒத்துவரவில்லை என்று குறை எழுதப்படும் என்று எங்கள் வங்கியின் அலுவலர், விதியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், அடித்துச் சொன்னார். கண்டெய்னரில் ஏற்றியதாகப் பில் ஆஃப் லேடிங் காட்டி, முழுப் பயணமும் அந்த ஒரே ஆவணத்தில் அடங்கினால், எல்சி தடுத்தாலும் கப்பல் மாற்றம் ஏற்கத்தக்கதே என்று யுசிபியின் 20(c) பிரிவு கூறுவதை அவர் மேசையிலேயே விரித்துக் காட்டினேன். இரண்டு முறை படித்தவர், மறுபேச்சில்லாமல் கோப்பை நகர்த்தினார்.

இந்த வழியில் போகிறவர்கள், அந்தப் பிரிவை எல்சியே விலக்கியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் ஃபீடர் கப்பலின் பெயரும் ஏற்றிய தேதியும் பில் ஆஃப் லேடிங்கில் பதிந்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து செல்லும் கப்பலின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கண்டெய்னருக்குள் ஈரம் கோத்து நூல் சுற்றிய கோன்கள் கெடாதிருக்க, ஈரமுறிஞ்சிப் பைகளை, சரக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கவனிக்கும் ஃபார்வர்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். திருத்தக் கட்டணம் யாருடையது என்பதையும் மின்னஞ்சலில் பெற்றுவிடுங்கள். இரண்டாவது திருத்தத்தின் கட்டணத்தை வாடிக்கையாளர் ஏற்றார், முதலாவதற்கு இன்னும் பேச்சு நடக்கிறது.