பின்பக்கத்தைக் காட்டு

"பின்பக்கத்தைக் காட்டு, பிள்ளை." நம் பள்ளியில் தையல் படித்த எவரும் இந்தக் கட்டளையை மறந்திருக்கமாட்டார்கள். முன்னால் பூ எவ்வளவு அழகாக மலர்ந்திருந்தாலும் ரீச்சருக்கு அது பொருட்டல்ல. துணியைப் புரட்டி, முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் புள்ளி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு செவ்வரத்தம்பூவைத் தைத்து முடிக்கப் பொறுமையில்லாமல் இதழ்களுக்குள் நீர்வர்ணம் பூசினேன். சிவப்பு ஊறிப் பரவி, பூ இருந்த இடத்தில் வெற்றிலை எச்சில் போல ஒன்று கிடந்தது. அன்று ரீச்சர் துணியைப் புரட்டவே இல்லை.

கனடாவில் குவில்ற் என்ற பஞ்சுப் போர்வை தைக்கத் தொடங்கியது குளிருக்குப் பயந்துதான். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் சின்னச் சின்னத் தையல். பல வருடங்கள் சதுரமும் முக்கோணமுமாகவே போயின. பிறகு ஒரு மே மாதம், ஒன்ராறியோவின் நியூ ஹம்பேர்க்கில் மெனனைற் என்ற கிறிஸ்தவ சமூகத்தார் நடத்தும் குவில்ற் ஏலத்துக்குப் போனேன். துணியில் வெட்டிய பூக்களை மேலே வைத்துத் தைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய சேலைகளில் இருந்த பூக்களுக்குக் கத்தரிக்கோல் வைத்தேன். (என் அம்மா இதை வாசிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.)

இது புதுமை என்று நினைத்திருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களும் இதைத்தான் செய்தார்களாம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பூத்துணி விலை கூடியது. அதனால் ஒவ்வொரு பூவாக வெட்டி வெறுந்துணியில் பதித்தார்கள். அந்தத் துணிகளை 2020இல் ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. மூன்று நூற்றாண்டு ஆகியும் சிவப்பு மங்கவில்லை. அது சாயவேரின் சிவப்பு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி அந்தக் கரைக்கு அனுப்பிய அதே வேர்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை, தேடி வாசித்தேன். அந்தக் கரையில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1742இல் எழுதிய கடிதத்தில் அந்தப் பூத்துணிக்கு வர்ணம் தீட்டும் முழுச் செய்முறையும் இருக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைப்பார்கள். பாலின் கொழுப்பு வரைகோட்டைப் பரவவிடாது. ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் குறைந்தது பால்தான்!

இப்போது சோயாப்பாலில் துணியை நனைத்து, உலர்த்தி, அதன்மேல் தூரிகையால் வரைகிறேன். முதலில் ஒன்ராறியோவின் மாகாணப் பூவான திரில்லியம். வெள்ளைத் துணியில் வெள்ளை இதழை எப்படி வரைவது? நிழலைத்தான் வரைய வேண்டும் என்று புரிய எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. சேலைப் பூக்களை வெட்டுவதை நிறுத்திவிட்டேன், ஊசியை விடவில்லை. வர்ணம் உலர்ந்ததும் பஞ்சும் அடித்துணியும் வைத்து, இதழின் ஓரமாகவே தைத்து வருகிறேன்.

சென்ற மாதம் செவ்வரத்தையை முடித்தேன். பரவவில்லை. பழக்கத்தில் கை தானாகத் துணியைப் புரட்டியது. அங்கே ஒரு சொட்டு வர்ணமும் இல்லை. ஐந்து இதழும் நூல்கோடாக மட்டும் தெரிந்தன. முடிச்சு ஒன்றுகூட வெளியில் இல்லை, ரீச்சர்.