பரி. யோவான்: நம் கல்லூரிப் பெயரின் வேர்

யாழ்ப்பாணத்தில் உள்ள நம் கல்லூரியின் பெயரைப் 'பரியோவான்' என்று சேர்த்தே எழுதிப் பழகியதால், அது ஒரே சொல் என்று எண்ணும் பிள்ளைகள் புலம்பெயர்ந்த நம் வீடுகளில் உண்டு. 'பரி.' என்பது பரிசுத்த என்பதன் சுருக்கம். பெயர் யோவான்தான். 1823இல் நல்லூரில் தொடங்கிய பள்ளி, சுண்டுக்குளிக்கு வந்து, 1891இல் இந்தப் பெயரைப் பெற்றது. பேச்சில் நமக்கு அது என்றைக்கும் சென் ஜோன்ஸ்.

அந்த ஜோனின் மூலம் எபிரேயத்தின் யோஹனான். 'யோ' கடவுளின் பெயரான யாவே என்பதன் குறுக்கம்; 'ஹனான்' என்றால் அருளினார். கடவுள் அருளினார் என்ற முழு வாக்கியமே ஒரு பிள்ளையின் பெயராகிவிட்டது. லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், பிறந்த பிள்ளைக்கு யோவான் என்று பெயர் வைக்கும்போது, உங்கள் உறவில் இப்படி ஒரு பெயர் கிடையாதே என்று சுற்றத்தார் மறுக்கிறார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் சகரியா எழுத்துப் பலகையை வாங்கி, இவன் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டுகிறார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானன்.

கிரேக்கர் நாவில் நடுவிலிருந்த ஹகரம் உதிர்ந்தது. ஆண்பால் விகுதி சேர்ந்து இயோவானேஸ் ஆனது. இலத்தீனில் எழுதியவர்கள் உதிர்ந்த ஹகரத்தை எழுத்தில் மட்டும் திரும்ப வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஜோன் என்று எழுதும்போது நடுவில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்து அதுதான். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு மூன்றெழுத்தில் எழுதினால் வேறு பெயராகத் தோன்றும்: அந்த வடிவம் பெரும்பாலும் ஜொனதனின் சுருக்கம். ஜொனதனில் வரும் வினை 'நதான்', அதாவது கொடுத்தார். இரண்டுக்கும் முன்பாதி ஒன்று, வினை வேறு.

முதலெழுத்தின் யகரம் ஜகரமானது பிரெஞ்சுக்காரரால். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடிக்கும்வரை அங்கே இந்தப் பெயர் அரிது. பிறகு எங்கும் பரவியது. ஆனாலும் 1611இல் அச்சான ஆங்கில வேதாகமத்தில் ஜோன் என்ற சொல் ஆங்கில 'ஐ' (I) எழுத்தில்தான் தொடங்குகிறது. அப்போது ஐயும் ஜேயும் முழுமையாகப் பிரிந்திருக்கவில்லை.

அரசர்களுக்கு மட்டும் இந்தப் பெயர் ராசியில்லை. 1215இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு முத்திரையிட்ட ஜோனுக்குப் பின் இங்கிலாந்தில் வேறு ஜோன் மன்னர் வரவில்லை. ஸ்கொட்லாந்தில் ஜோன் என்ற இளவரசர் 1390இல் முடிசூடும்போது ரொபேர்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

குடிமக்கள் அதைப் பார்க்கவில்லை. ஒரு தெருவில் பத்து ஜோன்கள் இருந்தால் செல்லப்பெயர் வேண்டுமே. 'ஜான்' என்ற வடிவத்தோடு 'கின்' என்ற சிறுமை விகுதி சேர்ந்து ஜான்கின், அது தேய்ந்து ஜாக். பிரெஞ்சு ஜாக் (நமது யாக்கோபு) இதற்கு மூலம் என்று பலர் எழுதுவது பிழை. ஒலி ஒற்றுமைதான் காரணம். ஜோன்சன், ஜாக்சன், ஜென்கின்ஸ், ஹான்சன், வேல்சின் ஜோன்ஸ், எவன்ஸ் எல்லாம் இந்த ஒரு பெயரின் வழித்தோன்றல்கள். ஸ்கொட்லாந்தின் இயன், அயர்லாந்தின் ஷோன், வேல்சின் எவன், உருசியாவின் இவானும் அப்படியே. மூத்தவனுக்கு இயன், இளையவனுக்கு எவன் என்று வைத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர்தான்!

தமிழில் எழுத்து ஊருக்கு ஊர் மாறும். தமிழகத்தில் ஜான், நம்மிடம் ஜோன். புரொட்டஸ்தாந்து வேதாகமம் ஒலியைப் பின்பற்றி யோவான் என்றது. கத்தோலிக்க முன்னோர் செய்தது எனக்கு இன்றும் வியப்பு: ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்து அருளப்பர் என்றார்கள். ஐரோப்பிய மொழிகள் தேய்த்துத் தேய்த்து மறந்துபோன அர்த்தத்தைத் தமிழ் அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள அருளப்புகளும் இலண்டன் ஜோன்களும் ஒரே பெயர்க்காரர்கள்.

நம் கல்லூரியில் ஸ்நானன், சுவிசேஷம் எழுதிய யோவான் என்ற இரண்டு யோவான்களும் உண்டு. பக்கத்துத் தேவாலயம் ஸ்நானனுக்குரியது, திருநாள் யூன் 24. இருளில் ஒளி பிரகாசிக்கிறது என்ற நம் விருதுவாக்கு சுவிசேஷகன் யோவானின் நூலில் முதல் அதிகாரம், ஐந்தாம் வசனம். அவர் திருநாள் டிசம்பர் 27.

சுண்டுக்குளி மகளிர் கல்லூரித் தோழிகள் இதை நமக்கு மட்டுமான பெயர் என்று எண்ண வேண்டாம். ஜேன், ஜோஆன், ஜீன், ஜெனட் என்ற பெண் பெயர்களும் யோஹனானின் பிள்ளைகளே.