பெட்டரி தீர்ந்த இரவும் கெமரூனும்

1990 ஜூன் 8, வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதரை இருக்கும். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கடைசிக் காம்பராவில் இருந்த லொறி மாமா ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தார், லொறி பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து அதில்தான் ஓட்டுவார், அதனால் நாடகமெல்லாம் கிடையாது, முக்கியமான மெட்ச் மட்டும்தான். அன்றைக்கு உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம், ஆர்ஜென்டீனாவும் கெமரூனும். எனக்குப் பத்து வயது. வந்திருந்த முப்பது பேரும் மரடோனாவைப் பார்க்கத்தான் வந்திருந்தோம்.

அப்பாயிக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது. பகலெல்லாம் கொழுந்து பறித்த அசதியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், கெமரூன்காரர்கள் வரிசையாக வந்து நின்றதும் நிமிர்ந்து, "யாருடா இவனுக, நம்ம புள்ளைக மாதிரியே இருக்கானுகளே" என்றாள். அவ்வளவுதான், காம்பரா பாதி அங்கேயே கட்சி மாறிவிட்டது. இரண்டாம் பாதியில் கெமரூன்காரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார், கொஞ்ச நேரத்தில் அவருடைய தம்பி ஒமாம் பியிக் எகிறித் தலையால் முட்டிய பந்து கோலியின் கையில் பட்டு உள்ளே உருண்டது. கடைசியில் ஒன்பது பேராக நின்று உலக சாம்பியனை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். கறுப்பாக இருக்கிற ஆட்கள் உலகத்தின் முன்னால் ஜெயிப்பதை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து ஆபிரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். கோல் கணக்கு அப்புறம்தான், அந்த ஆட்டம் அங்கே யாருடையது என்பதுதான் என்னை இழுக்கிறது. வாசிக்க வாசிக்க எங்கள் தோட்டத்துக் கதையே வேறு பெயர்களில் எழுதியிருப்பது போலத் தோன்றும்.

சாம்பியாவை எடுங்கள். வட ரொடீசியா என்ற பெயரில் வெள்ளைக்காரனுக்குக் கீழே இருந்த காலத்தில், கொப்பர்பெல்ட் என்கிற செம்புச் சுரங்கப் பகுதிக்குக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கம்பனி வீடுகளில் குடிவைத்தார்கள். வீடு கம்பனியுடையது, ஆஸ்பத்திரி கம்பனியுடையது, விளையாட்டுத் திடலும் கம்பனியுடையதுதான். நம் லயங்களை இதைவிட எப்படிச் சொல்வது? 1935இல் வரி கூட்டியதை எதிர்த்தும் 1940இல் கூலி கேட்டும் அந்தச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள், இரண்டு தடவையும் அவர்களைச் சுட்டார்கள். அதே 1940 ஜனவரியில்தான் இங்கே முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டுச் செத்தார். இந்த இரண்டையும் ஒரே நாளில் வாசித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆட்களை அமைதியாக வைத்திருக்கக் கம்பனி செய்த ஏற்பாடுகளில் பந்தும் ஒன்று. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. முஃபுலிரா வொண்டரர்ஸ், ன்கானா என்று சுரங்க நகரங்களின் பெயரைச் சுமந்த அணிகள் நாட்டின் பெரிய அணிகளாயின. முஃபுலிராவில் பிறந்த கலுஷா புவால்யா 1988 சியோல் ஒலிம்பிக்கில் இத்தாலிக்கு எதிராக மூன்று கோல் போட்டார், நான்குக்குப் பூச்சியம். இத்தாலியை!

அப்புறம் 1993 ஏப்ரல் 27. செனகலோடு உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்குப் போன சாம்பிய அணியின் இராணுவ விமானம் கபோன் நாட்டின் லிப்ரவில்லில் எண்ணெய் நிரப்பிக் கிளம்பியதும் கடலில் விழுந்தது. முப்பது பேரும் போய்விட்டார்கள், அதில் 18 பேர் வீரர்கள். கலுஷா அப்போது நெதர்லாந்தில் விளையாடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் இல்லை. மலைப்பாதையில் ஒரு லொறி பள்ளத்தில் விழுந்தால் ஒரே லயத்தில் நான்கைந்து வீடு இருண்டுபோவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். மிச்சமிருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மறுவருடமே ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டம் வரைக்கும் போனார்கள், நைஜீரியாவிடம் தோற்றார்கள். 2012இல் இறுதியாட்டம் அதே லிப்ரவில்லில் வந்தது. சாம்பிய வீரர்கள் முதலில் கடற்கரைக்குப் போய்ப் பூ வைத்தார்கள். ஐவரி கோஸ்ட்டோடு கோலே இல்லாமல் முடிந்து, பெனால்டி எட்டுக்கு ஏழு என்று முடிந்தபோது பயிற்சியாளர் ரெனார், ஆட்டத் தொடக்கத்திலேயே கால் அடிபட்டு உட்கார்ந்திருந்த முசொண்டாவைக் கையில் தூக்கிக்கொண்டு போய் மற்றவர்களோடு சேர்த்துவிட்டார். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன்.

இன்னொன்று அல்ஜீரியா. 1958 ஏப்ரலில், சுவீடன் உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பிரான்சின் பெரிய கழகங்களில் விளையாடிய அல்ஜீரிய வீரர்கள் யாருக்கும் சொல்லாமல் எல்லை தாண்டி துனிசுக்குப் போய்விட்டார்கள். ரஷீத் மெக்லூஃபி, முஸ்தஃபா சித்தூனி இரண்டு பேரும் பிரான்ஸ் அணிக்காக உலகக் கிண்ணம் ஆடியிருக்க வேண்டியவர்கள். அல்ஜீரியா பிரான்சின் ஆட்சியில் இருந்தது, அந்தப் பெயரில் ஒரு நாடு அப்போது கிடையாது, விடுதலை 1962இல்தான். ஆனாலும் நாலு வருடம் நாடு நாடாகப் போய் அல்ஜீரியா என்ற பெயரிலேயே ஆடினார்கள். ஃபிஃபா அந்த அணியை ஏற்கவில்லை. நாடு பிறப்பதற்கு முன்னே நாட்டின் அணி பிறந்துவிட்டது!

இதைப் படிக்கும்போது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வரும். 1948 சட்டம் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தபோது அவர் இளந்தாரி. 1964 ஒப்பந்தத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போனது, இவர் போகவில்லை. கடைசிவரைக்கும் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல அவரிடம் ஒரு தாள் இருந்ததில்லை. நாடற்றவர் என்ற பேச்சுக்கு முடிவு கட்டிய சட்டம் 2003இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் ஐம்பதுகளில் அவர் எங்கள் தோட்டப் பிரிவின், அதாவது டிவிஷனின், கோலி. யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார், "நான் மேல் டிவிஷன் கோலி". அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

1966 உலகக் கிண்ணத்தை ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து புறக்கணித்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். மொத்தம் 16 இடம், அதில் ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கானா ஜனாதிபதி நிக்ரூமாவின் ஆட்கள் முன்னால் நின்றார்கள், முடியாது, வரமாட்டோம் என்றார்கள். 1970இல் ஆபிரிக்காவுக்கென்று ஓர் இடம் கிடைத்தது, மொரோக்கோ போனது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகாமல் எல்லோரும் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ட்ரொக்பா தன் நாட்டின் உள்நாட்டுப் போரை நிறுத்திவிட்டார் என்று எழுதுகிறார்களே, அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 2005இல் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதும் உடைமாற்றும் அறையில் மண்டியிட்டு ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று கெஞ்சினார், 2007இல் கிளர்ச்சியாளர்களின் நகரமான புவாக்கேயில் தேசிய அணியின் ஆட்டம் நடந்தது, இரண்டும் பெரிய விஷயம். ஆனால் உடன்படிக்கை பேசி வந்தது, 2010 தேர்தலுக்குப் பிறகு சண்டை திரும்பவும் வந்தது. நம் நாட்டில் முப்பது வருடம் பார்த்தவர்கள் நாம், ஒரு ஆட்டக்காரனின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றக்கூடாது.

போன கிழமை அக்கா மகன் எகிப்து வீரர் சாலாவின் ஜேர்சி போட்டுக்கொண்டு வந்து, "மாமா, விளையாட எடமே இல்ல" என்றான். உண்மைதான். தாத்தா கோலியாக நின்ற மட்டமான நிலத்தில் நிர்வாகம் டர்பன்டைன் மரக்கன்று நட்டுப் பல வருடமாகிவிட்டது. இப்போது பிள்ளைகள் கோயிலுக்குப் பின்னால் உள்ள சரிவில் ஆடுகிறார்கள், பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கி அட்டைக்கடி வாங்கிக்கொண்டுதான் எடுத்து வரவேண்டும். மேட்டில் நிற்கிற அணிக்கு எப்போதும் வாய்ப்பு, அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுவது என்று அவர்களே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நாலைந்து பேர் இடத்துக்காக எழுதிக்கொடுத்திருக்கிறோம், விடப்போவதில்லை.

கெமரூன் கதையை முடிக்கவில்லை. ஜூலை 1 ஞாயிறு நள்ளிரவு தாண்டி, கால் இறுதி, இங்கிலாந்தோடு. 38 வயது ரொஜர் மில்லா மாற்று ஆளாக இறங்கிய பிறகு கெமரூன் இரண்டு கோல் போட்டு முன்னால் போனது. இரண்டுக்கு ஒன்று. லயமே கத்தியது. அந்தக் கத்தல் அடங்குவதற்குள் படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிப் போய்விட்டது, பெட்டரி தீர்ந்துவிட்டது. மாமா இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். சரி, இனி என்ன, ஜெயித்தாச்சு என்று எல்லோரும் படுக்கப் போனோம்.

விடிந்து திங்கட்கிழமை. அப்பாயி இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு பிரட்டுக்குப் போகிற வழியெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "நம்ம பயலுக வெள்ளைக்காரன ஜெயிச்சிட்டானுக" என்று சொல்லிக்கொண்டே போனாள். பத்து மணி பஸ்ஸில் டவுனிலிருந்து வந்தவர்தான் சொன்னார், இங்கிலாந்து இரண்டு பெனால்டி போட்டு மூன்றுக்கு இரண்டு என்று வென்றுவிட்டதாம். நான் மலைக்கு ஓடிப்போய் அப்பாயியிடம் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்காமலே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"பெட்டரி இருந்தவரைக்கும் அவனுகதானடா முன்னுக்கு நின்னானுக" என்றாள், அடுத்த நிரைக்குப் போய்விட்டாள்.