ரத்த அணுக்களுக்கு உள்ளூர் இயல்பு வரம்பு கண்ட அனுபவம்

நாகர்கோவிலில் நான் பணிபுரியும் ஆய்வகத்திற்குப் புதிய ரத்த அணு அனலைசர் வந்தபோது, அதன் கையேட்டில் இயல்பு வரம்புகளும், அதாவது நலமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவுகள் அடங்கும் எல்லைகளும், அச்சிடப்பட்டிருந்தன. அவை எந்த மக்களிடம் கணக்கிடப்பட்டவை என்ற குறிப்பு மட்டும் இல்லை. சிஎல்எஸ்ஐ என்ற ஆய்வகத் தர அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பிறர் வகுத்த வரம்பை ஏற்பதற்கு முன் உள்ளூரில் நலமாக உள்ள 20 பேரின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். வரம்புக்கு வெளியே நிற்பவர்கள் 2 பேருக்கு மேற்படாவிட்டால் அதையே பயன்படுத்தலாம். மற்ற அணுக்கள் தேறின. ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை மட்டும், வேறு 20 பேரைப் பார்த்த பிறகும் தேறவில்லை. ஆகவே ஆண், பெண் போன்ற ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது 120 பேரைச் சோதித்துச் சொந்த வரம்பைக் கணக்கிடும் முழு முறையில் இறங்கினோம்; வேலையோடு வேலையாக எல்லா அணுக்களையும் சேர்த்தே கணக்கிடுவது என்றும் முடிவாயிற்று.

நெறிமுறைக் குழுவின் அனுமதி சிக்கலின்றிக் கிடைத்தது. நலமானவரைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “சீக்கு ஒண்ணும் கெடையாது மக்களே” என்று சொல்லும் பாட்டியே அடுத்த கேள்விக்குச் சுருக்குப்பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுவார். ஈசினோஃபிலை உயர்த்துபவை குடற்புழுவும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் என்பதால், மலப் பரிசோதனையில் புழு முட்டை தெரிந்தவர்களை விலக்கி மருத்துவரிடம் அனுப்பினோம். அதன் பிறகு மேல்வரம்பு இறங்கியது, ஆனால் கையேட்டின் அளவுக்கு வரவில்லை.

ஹீமோகுளோபினின் கீழ்வரம்பைத் தாழ்த்தலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி என்ற மரபணுவின் வேறுபாட்டால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை குறைந்திருப்பது நோயன்று. அங்கே கீழ்வரம்பைத் தாழ்த்துவது நியாயம். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டு இங்கே வரம்பைத் தாழ்த்தினால், ரத்தசோகையே இயல்பென்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். எனவே உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்தவர்களை நீக்கினோம்; ரத்தசோகையைத் தீர்மானிக்க, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராம் என்ற அளவையே வைத்துக்கொண்டோம்.

காலையில், ஓய்வுக்குப் பின் ரத்தம் எடுக்க வேண்டும் என்ற விதி குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் செல்லுபடியாகவில்லை. பால்வெட்டும் தொழிலாளர்கள் விடியுமுன்பே மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். உடல் உழைப்போ வெள்ளணுக்களைத் தற்காலிகமாக உயர்த்திவிடும். மழையால் வெட்டு நின்ற நாட்களில் போய் எடுத்தோம். இரவில் கடலுக்குச் செல்லும் குளச்சல் மீனவர்களுக்கு அந்த வழியும் இல்லை. லிம்போசைட் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை உறக்க நேரத்தை ஒட்டி ஏறி இறங்குவதால், கரையில் தங்கி இரவில் உறங்கிய நாட்களில் மட்டுமே அவர்களைச் சேர்த்தோம்.

கணக்கு, இவற்றோடு ஒப்பிட்டால், எளிது. 120 மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினால், 3ஆவதும் 118ஆவதும் ஏறக்குறைய நடு 95 சதவீதத்தின் இரு எல்லைகள். ஈசினோஃபிலுக்கு இப்போது எங்கள் வரம்பே ரிப்போர்ட்டில் அச்சாகிறது. சிறு குழந்தைகளுக்கு லிம்போசைட்டுகளே நியூட்ரோஃபில்களைவிட மிகுந்திருக்கும் என்பதால் வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் போதிய குழந்தைகள் இன்னும் கிடைக்காததால், அவர்களுக்குக் கையேட்டு வரம்பே தொடர்கிறது.