குரோமியம் அளக்கப் போகிறவர்களுக்கு

சுற்றுச்சூழல் வேதியியல் முதுநிலை இறுதியாண்டு ஆய்வுக்கு ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணறுகளை எடுக்கப் போகிறவர்கள், முதலில் அலுவலகத் தாள்களைச் சரிபாருங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மொத்தக் குரோமியம் அளக்க எடுத்த மண் தொல்லை தரவில்லை. நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். காற்றுத் தூசி படிந்த வடிதாள்களும் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் பொறுக்காது. நீரில் உள்ள ஆறு இணைதிற குரோமியத்தை, அதாவது குரோமியத்தின் நச்சு வடிவத்தை, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு விட்டுச்சென்ற நஞ்சு அது. அளவு தவறினால் ஆய்வுக்கே பொருளில்லை.

கரைசலின் நிறத்தை வைத்து அளவு சொல்லும் நிறமாலைமானி எங்கள் துறையில் பழுது. வெளியே ஒரு கருவி மையத்தில் முன்பதிவு செய்து, விடியலில் நீர் எடுத்து, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. அப்படியொரு விதி அவர்கள் தந்த படிவத்தில் எங்குமே கிடையாது. உள்ளே கருவி சும்மா நின்றது, அதை இயக்குபவரும் தயாராக இருந்தார். "ஐஸில்தானே இருக்கிறது தம்பி, திங்கட்கிழமை கொண்டு வாங்க" என்றார் எழுத்தர். கெஞ்சியும் பயனில்லை. அத்தனை பாட்டில்களும் வீண்.

அடுத்த முறை முத்திரை, பணம் கட்டிய அசல் ரசீது, வழிகாட்டியின் கடிதம் மூன்றையும் இரண்டு படிகளாக எடுத்துப் போனேன். அதைவிடப் பெரிய பாதுகாப்பை ஆய்வகத்து அக்கா ஒருவர் சொல்லித் தந்தார்: நீரை வடிகட்டி, அம்மோனியம் சல்பேட் தாங்கல் கரைசல் சேர்த்து பிஎச் 9.3 முதல் 9.7க்குள் நிறுத்திக் குளிரில் வைத்தால் 28 நாள் வரை தாங்கும். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடுவோமே, அதை இந்தப் பாட்டிலில் விட்டுவிடாதீர்கள். அமிலத்தில் கரிமப் பொருள்கள் ஆறு இணைதிற குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறக் குரோமியமாக ஒடுக்கி மாற்றிவிடும். நஞ்சுள்ள நீர் நல்ல நீராகத் தெரியும். இரண்டுக்கும் வெவ்வேறு நிற மூடி வையுங்கள்.

ஆறு இணைதிற குரோமியத்தை நிறத்தால் காட்டும் டைபீனைல்கார்பசைடு சேர்த்ததும் செவ்வூதா நிறம் ஏறியது. 540 நானோமீட்டரில் அளவீட்டுக் கோடு நேராக வந்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஒரு வீட்டுக் கிணறு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. "கொதிக்க வைத்தால் போய்விடுமா, தம்பி?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். போகாது, நீர் வற்ற வற்ற உலோகம் செறிவாகத்தான் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் இந்த நீர் வேண்டாம் என்று முடிவோடு சேர்த்துத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குக் கிணற்றைத் திறந்துவிடுகிற வீடுகளுக்கும் முடிவைக் கட்டாயம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.