லைட் எரியுது, போர்ட் வரல

பள்ளத்தூர் வீட்டில் ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து அம்மான் வீடியோ காலில் கூப்பிட்டால், முகப்பில் இருக்கும் லேப்டாப்பில் மவுஸைப் பிடித்துச் சரியான இடத்தில் அமுக்குவதற்குள் மணி நின்றுவிடும். பொத்தானைத் தட்டினால் கீபோர்டு ஷார்ட்கட் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ப்ரோ மைக்ரோ என்ற, புரோகிராம் ஏற்றி ஓட்டக்கூடிய சின்ன மின்சுற்றுப் பலகை (போர்டு) தோதானது. அதிலுள்ள ஏடிமெகா32யு4 சிப்பால் தன்னைக் கீபோர்டு என்றே கம்ப்யூட்டரிடம் காட்டிக்கொள்ள முடியும்.

வழக்கம்போல முதலில் லைட் மினுக்கும் புரோகிராமை ஏற்றினேன். நல்லபடியாக ஏறியது. மறுநொடி டொய்ங் என்று ஒரு சத்தம், 'யுஎஸ்பி சாதனம் அடையாளம் தெரியவில்லை' என்று ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் போர்டோடு பேசும் வழிக்குப் பெயர் 'போர்ட்' (port). அந்தப் போர்ட் பட்டியல் காலி.

"என்னப்பா, செத்துப்போச்சா?" என்றார் ஆயா.

"லைட்டு எரியுதுல்ல ஆயா, சாகல."

கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். காரைக்குடிக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தால், அந்தப் பிழைச் செய்திகூட வரவில்லை! அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். உள்ளே மின்சாரத்துக்கான இரண்டு கம்பிதான், டேட்டா கம்பிகள் கிடையாது. போர்டில் லைட் என்னவோ ஜோராக எரியும். இந்த அலைச்சலில் ஒரு பாடம் கிடைத்தது: ஒரு சத்தமும் வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். 'அடையாளம் தெரியவில்லை' என்றாவது வந்தால் போர்டு எதையோ பேச முயல்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் புரியவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் முழுக்க, சிஹெச்340 என்ற யுஎஸ்பி சிப்புக்கான டிரைவரைக் கம்ப்யூட்டரில் போடுவதும் எடுப்பதுமாகப் போனது. வீண் வேலை. என்னிடமுள்ள நானோ என்ற இன்னொரு பழைய போர்டில் யுஎஸ்பிக்கென்று அந்தச் சிப் தனியாக இருக்கிறது. நாம் என்ன கோளாறான புரோகிராம் ஏற்றினாலும் போர்ட் காணாமல் போகாது. ப்ரோ மைக்ரோவில் அப்படி இடைத்தரகர் கிடையாது. நம் புரோகிராமை ஓட்டுவதும் யுஎஸ்பி பேசுவதும் ஒரே சிப். நாம் ஏற்றியது தப்பென்றால் அதன் வாயும் சேர்ந்து அடைபடும்.

அப்படியானால் ஒரு மினுக்கு லைட் புரோகிராமில் என்ன தப்பு? வைரத் தோடு பார்க்க ஐயா வைத்திருந்த லென்ஸை வாங்கி, சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் வெள்ளி நிறக் கிரிஸ்டலைப் போர்டில் பார்த்தேன். 8.000 என்று அச்சிட்டிருந்தது. புரோகிராம் ஏற்றும் மென்பொருளின் மெனுவில் நான் தேர்ந்தெடுத்திருந்தது 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ். கையில் இருந்ததோ 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் போர்டு. 16 என்று சொன்னால் சிப் அதை இரண்டால் வகுத்து, அதிலிருந்து யுஎஸ்பிக்குத் தேவையான 48 மெகாஹெர்ட்ஸைத் தயாரிக்கும். இருப்பதே 8 என்பதால் எல்லாம் பாதி வேகத்தில் போயிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியும்?

நல்லவேளை, புது புரோகிராமை வாங்கிச் சிப்பில் எழுதும் பூட்லோடர் தனி இடத்தில் இருக்கிறது, நாம் ஏற்றும் புரோகிராம் அதைத் தொடுவதில்லை. இந்தப் போர்டில் ரீசெட் பட்டன் கிடையாது. ஆர்எஸ்டி (ரீசெட்), ஜிஎன்டி (கிரவுண்ட்) என்ற இரண்டு துளைகளையும் ஒரு கம்பித் துண்டால் டக் டக் என்று இரண்டு முறை தொட வைக்க வேண்டும். உடனே பூட்லோடர் விழித்து, வேறொரு எண்ணில் போர்ட் தெரியும். 8 விநாடிதான், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

எனக்கு மூன்று தடவை தவறியது. மெனுவில் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, அப்லோடு கொடுத்தால், புரோகிராம் சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாறி (கம்பைல் ஆகி) முடிப்பதற்குள் போர்ட் போய்விடுகிறது. பிறகு முறையை மாற்றினேன். முதலில் ஒரு தடவை டக் டக் செய்து, அந்தப் புது போர்ட் வந்ததும் அதைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்து அப்லோடை அமுக்கிவிட்டுக் கம்பியோடு காத்திருந்தேன். கம்பைல் முடிந்து கீழே 'அப்லோடிங்' என்று வந்த கணத்தில் டக் டக். ஏறிவிட்டது. போர்ட் திரும்பி வந்து நிலையாக நின்றது, லைட்டும் மினுக்கியது.

ஆயா சீப்புச் சீடைத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "இம்புட்டு லைட்டு மினுக்கவா ரெண்டு நாளா உட்கார்ந்திருந்தே? பொத்தான் எங்கடா?"